திருப்பதிக்கு ஒரு பொதுப் பயிற்சி

செல் சமிக்ஞையை ஆராயும் முனைவர் பட்ட மாணவருக்கு முதலில் கைவேகம் பழக வேண்டும். வளர்ச்சிக் காரணியைச் சேர்த்த சில நிமிடங்களிலேயே புரதத்தில் பாஸ்பேட் ஏறிவிடும். உடனே செல்களைப் பனிக்கட்டியில் வைத்து, பாஸ்பேட்டேஸ் தடுப்பான் கலந்த கரைசலில் உடைக்காவிட்டால் தடயமே அழிந்துபோகும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். திருப்பதியில் அதற்கு இடமா இல்லை? 1954-ல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவமனை, 2015-ல் தொடங்கி இப்போது ஏர்ப்பேடு பக்கம் இயங்கும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் பாஸ்பேட் ஏறிய புரதத்தைக் காட்டித்தரும் இறக்குமதி ஆன்டிபாடி ஒரு சிறு குப்பியே பல ஆயிரம்; எல்லா ஆய்வகத்துக்கும் அது கட்டுபடியாகாது. சித்தூரிலிருந்தோ திருத்தணியிலிருந்தோ வரும் பிள்ளை எந்த வாசலில் நுழைந்தது என்பதை வைத்துப் பயிற்சியின் தரம் மாறுவது நியாயமே இல்லை. நான்கு நிறுவனங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு பொது ஆய்வகப் பயிற்சி நடத்த வேண்டும். கைகூடாத சோதனைகளையும் மாணவர்கள் அங்கே தயங்காமல் காட்டட்டும்.