இயற்கை என்னும் சாட்டு

மலையகத் தோட்டத் தொழிலாளியின் பல் இளவயதிலேயே விழுவதேன் என்று கேட்டால், படித்தோர் பலரிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: "அவன் பல் துலக்குவதில்லை, வெற்றிலை போடுகிறான்." பழியை நோயாளிமீது சுமத்தியதும் அவர்தம் கடமை முடிந்துவிடும். இவ்விடை அரைகுறையானது. அதனை நிறுவியவையும் அத்தொழிலாளரின் வாய்களே.

1970 இல் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவர்தம் சகாக்களும், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் 480 பேரைப் பரிசோதிக்கத் தொடங்கினர். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த அவ்வாய்வின் பெறுபேறு 1986 இல் வெளியாயிற்று. பற்சிகிச்சை இன்னதென்று அறியாத மக்கள்; அனைவர் பற்களிலும் படிவு, அனைவர் முரசிலும் அழற்சி. துலக்காமையே முழுக் காரணமெனின் அனைவர்க்கும் ஒரே கதி நேர்ந்திருத்தல் வேண்டும். நேர்ந்ததோ வேறு. ஏறத்தாழ 8 சதவீதத்தினரில் நோய் விரைந்து முற்றி, 45 வயதளவில் வாயில் பல்லே எஞ்சவில்லை. 81 சதவீதத்தினரில் அது மெல்ல நகர்ந்தது. 11 சதவீதத்தினரில் முரசழற்சிக்கு அப்பால் செல்லவேயில்லை!

இவ்வேறுபாட்டை விளங்க முரசினுள் நோக்குதல் வேண்டும். பற்படிவினால் தூண்டப்பட்ட வெண்குழியங்கள் சுரக்கும் பொருள் என்பை அரிக்கின்றது என்பது 1972 இலேயே ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது. பற்றீரியாவை எதிர்க்கப் புறப்பட்ட நிணநீர்க்குழியங்களே என்பைக் கரைக்கும் கலங்களை முதிர்விக்கும் சமிக்ஞையையும் அனுப்புகின்றன. நடுநிலைநாடிகள் சிந்தும் நொதியங்கள் பல்லைப் பிணிக்கும் நார்களைச் சிதைக்கின்றன. வெண்குழியங்கள் குருதிக்குழாயை விட்டு இழையத்துட் புகமுடியாத பிறவிக் குறையுடையோருக்கும் சிறுவயதிலேயே பல் விழும். காவலின்றிப் பற்றீரியா பெருகுவதே காரணமென நெடுங்காலம் கருதினர். 2014 இல் வெளியான ஆய்வோ, கட்டுப்பாடிழந்து மிகுந்த இன்ரலூக்கின் 17 என்னும் புரதம் மூட்டிய அழற்சியே அங்கு என்பை அழிக்கின்றதெனக் காட்டிற்று. படிவு தீ மூட்டும். அத்தீ எவ்வளவு பரவும் என்பதில் நிர்ப்பீடனக் கலங்களின் பங்கு பெரிது. பரம்பரையும் புகைத்தலும் அதனை மேலும் மாற்றும்.

அப்படியாயின் பற்தூரிகையை எறிந்துவிடலாமோ என்று ஒரு நண்பர் கேலியாகக் கேட்டார். கூடாது. இதே லோ 1965 இல் வெளியிட்ட பரிசோதனையில், பல் துப்புரவை நிறுத்திய 12 பேருக்கும் 10 முதல் 21 நாட்களுள் முரசழற்சி தோன்றிற்று. மீண்டும் துலக்க அது நீங்கிற்று. துலக்குதல் அவசியம். ஆயின் அந்த 8 சதவீதத்தினருக்குத் துலக்கச் சொல்லும் உபதேசம் மட்டும் போதாது. அவர்களை இளமையிலேயே இனங்கண்டு சிகிச்சையளிக்க வைத்தியர் வேண்டும்.

நம்மை உறுத்தவேண்டியது அவ்வாய்வின் தலைப்பு: மனிதனில் பல்சூழ் நோயின் "இயற்கை வரலாறு". வைத்தியரே எட்டாத தோட்டம் இயற்கையின் படைப்பா? அவ்வெறுமையை ஆக்கியது தோட்ட முறைமையும், அதனைப் பொறுத்துக்கொண்ட அரசுகளும். உலகப் பாடநூல்கள் 8, 81, 11 என்னும் எண்களை இன்றும் ஒப்புவிக்கின்றன. நம் மாணவரும் பரீட்சைக்கு மனனஞ் செய்கின்றனர். 2010 இல் ஆய்வாளர் மீண்டும் சென்றபோது அந்த 480 பேரில் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது. பேராதனைப் பல்வைத்திய பீடத்திலிருந்து தேயிலைத் தோட்டம் தொலைவில் இல்லை.