அரசியல் படிப்பு எதற்காக?

அரசியல் அறிவியல் பி.ஏ. வகுப்பில் சேருகின்ற பிள்ளையைப் பார்த்து, "இதைப் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று கேட்காத பெரியவர் இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால், "இந்த மூன்று வருஷத்தில் எதை எதை, எந்த வரிசையில் படிக்கப் போகிறாய்?" என்று கேட்பாரைத்தான் நாம் காணோம்.

நமது காலேஜ்களில் இப்படிப்புக்கு ஆறு பருவங்கள். தமிழும் இங்கிலீஷும் போக, முதன்மைப் பாடம், துணைப் பாடம், விருப்பப் பாடம் என்று வகுத்திருக்கிறார்கள். விருப்பப் பாடம் என்பது மாணவனின் சொந்தப் புத்திக்கு விட்ட இடமாகும். அந்த இடத்தை நம் பிள்ளைகள் எப்படி உபயோகிக்கிறார்கள்? எதற்கு மெல்லிய நோட்ஸ் கிடைக்கும், எதில் மார்க் சுலபம், சிநேகிதன் எதில் பெயர் கொடுத்தான் என்பவைதானே அநேகமாக ஆராய்ச்சி? முன்னவன் போன வழியே கண்ணை மூடிக்கொண்டு போவதற்குப் படிப்பு என்று பெயரா?

ஓர் உதாரணம் சொல்லுவோம். சேலத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், கேரளத்தார் அல்லர். ஏற்காடு சட்டசபைத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதே. அம்மலையிலிருந்து இறங்கி வந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசற்படி மிதிக்கும் ஒரு பிள்ளை, பிளேட்டோ சொன்னது இன்னது, அமெரிக்க செனட்டில் 100 பேர் என்று ஒப்புவிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சந்தோஷமே. ஆனால், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை என்பதும், அதனாலேயே பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துகளுக்கென்று 1996-இல் செய்த சட்டம் தன் ஊருக்குப் பொருந்தாது என்பதும் அவனுக்குத் தெரியுமா? 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, நிலத்தின் மேல் உரிமை கோரும் மனுவை முதலில் விசாரிப்பது தன் ஊர்க் கிராம சபையே என்பதாவது தெரியுமா? தெரியாதென்றால், அவன் படித்த அரசியல் யாருடைய அரசியல்?

நெட்டுருவும் அறிவாகாது. பிரிவு 15(4) என்று நம்பரை ஒப்புவிக்கலாம். சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவு செல்லாதென்று 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னதும், இந்நாட்டு மக்கள் கிளர்ச்சி செய்ததும், அதே வருஷத்தில் முதல் திருத்தம் வந்ததும் தெரிந்தவனுக்கே, சட்டம் மனிதர் செய்தது, மனிதரால் மாற்றத்தக்கது என்பது விளங்கும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நமது யோசனை இதுதான். முதல் வருஷத்தில் அரசியல் சட்டத்தை நோட்ஸில் அல்ல, மூலத்திலேயே படியுங்கள். இரண்டாம் வருஷத்தில் பிளேட்டோ முதல் அம்பேத்கர் வரை படியுங்கள். பிற நாட்டு ஆட்சி முறைகளையும் படியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் படியுங்களே தவிர, கும்பிடுவதற்காக அல்ல. துணைப் பாடத்தில் பொருளாதாரம் கிடைத்தால் விடாதீர்கள்; பட்ஜெட்டைப் படிக்கத் தெரியாதவனுக்கு அரசியல் பாதிதான் தெரியும். மூன்றாம் வருஷத்தில் உள்ளாட்சி, பொது நிர்வாகம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபைக்கென்று குறிக்கப்பட்டவை. ஒரு நாளாவது போய் உட்கார்ந்து, யார் பேசினார்கள், யார் வாய் திறக்கவில்லை என்று எழுதிப் பாருங்கள்.

காலேஜ் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. விருப்பப் பாடம் என்று பெயர் வைத்துவிட்டு ஒரே பாடத்தைக் காட்டுவது விருப்பமாகாது, கட்டளையே ஆகும்.

வயிற்றுப் பிழைப்பை நாம் இழிவாகப் பேசவில்லை. சர்க்கார் உத்தியோகப் பரீட்சையிலும் அரசியல் சட்டத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால், உத்தியோகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஊருக்குத் திரும்புகிற அந்தப் பிள்ளை, ஆபீசர் நீட்டும் காகிதத்தைப் படித்துப் பார்த்து, "இது எந்தச் சட்டப்படி?" என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித் தராத பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும்.