"எவ்வளவு ஓடியிருக்கு?" என்ற கேள்வியை நிறுத்துவோம்



நம்ம ஊரில் பாவித்த கார் பார்க்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு ஓடியிருக்கு?" பதில் ஒரு இலட்சத்துக்குக் கீழே என்றால் முகம் மலர்கிறது. இரண்டு இலட்சம் என்றால் வண்டியின் கதவைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை. நம் பக்கத்து வாகன வியாபாரத்தில் நடக்கும் பொய்களில் பாதி இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது என்பது எங்கள் கருத்து. கொஞ்சம் நீளமான பதிவு. கார் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். விற்கும் எண்ணம் உள்ளவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடத்தில் நாட்டுக்குள் இருந்த பழைய கார்களே கை மாறிக்கொண்டிருந்தன. கதவு திறந்த பிறகும் வரியோடு வரும் விலையைக் கேட்டால், ஆசிரியர் சம்பளக்காரருக்குப் பத்திரிகை விளம்பரம் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே நம்மில் பலர் வாங்கப்போவது 2012, 2013, 2014ஆம் ஆண்டு அக்வா, பிரியஸ், ஹொண்டா ஃபிட் போன்ற ஹைபிரிட் கார்களைத்தான். இவை எல்லாமே ஓடிக் களைத்த வண்டிகள். ஓடாத வண்டி என்று ஒன்று இந்த நாட்டில் இல்லை.

ஏன் ஹைபிரிட் என்று யாரும் கேட்கமாட்டார்கள். 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், அதன் பிறகு கியூஆர் அட்டையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்ததையும் யாரும் மறக்கவில்லை. நாங்கள் நான்கு ஆசிரியர்கள் அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பொத்துவில் பக்கம் ஒரே அக்வாவில் போய் வருகிறோம். ஒரு பக்கம் 40 கிலோமீற்றர் என்று வைத்தாலும் மாதத்துக்கு 20 பாடசாலை நாளில் 1,600 கிலோமீற்றர். லீற்றருக்கு 20 ஓடும் வண்டிக்கு 80 லீற்றர் போதும். 12 ஓடும் சாதாரண பெட்ரோல் காருக்கு 133 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால் மாதம் கிட்டத்தட்ட 16,000 ரூபா மிச்சம். இந்த 16,000த்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அதைச் செலவழித்துவிட்டுத்தான் பலரும் பிறகு பெட்டரிக்குக் கடன் தேடுகிறார்கள்.

இனி மீற்றர் கதைக்கு வருவோம்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர் அண்மையில் ஒரு வண்டி பார்க்கப் போனார். 2013ஆம் ஆண்டு அக்வா. மீற்றரில் 71,000. புரோக்கர் காக்கா சொன்ன கதை: "வயசான ஹாஜியார் ஒருவர் பாவிச்ச வண்டி சேர், பூ மாதிரி வச்சிருந்தார். கிழமைக்கொருக்கா கொழும்புக்குக் கடைச் சாமான் எடுக்கப் போவார், அவ்வளவுதான்." சேர் கணித ஆசிரியர். ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழின் பிரதியை வாங்கிப் பார்த்தார். 2016இல் நாட்டுக்கு வரும்போது பதிவாகியிருந்த தூரம் 48,000. ஆக, ஒன்பது வருடத்தில் 23,000 கிலோமீற்றர். நாளொன்றுக்கு 7 கிலோமீற்றர். கொழும்புக்குப் போய்வரவே கிட்டத்தட்ட 700 ஆகிறது. "அந்த ஹாஜியார் வருசத்துக்கு மூணு நாலு தரம்தான் கொழும்புக்குப் போயிருக்கணும், அதுக்குப் பிறகு வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்தே இருக்கக்கூடாது" என்று சேர் சொன்னபோது காக்காவுக்குக் கோபம் வந்ததாம். கணக்கு தெரிந்தவனிடம் வியாபாரம் செய்வது கஷ்டம்தான்.

மீற்றரைக் குறைப்பது இன்று ஒரு மடிகணினியும் சில நிமிடமும் போதுமான வேலை. செய்பவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல. தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்பவர்களும் செய்கிறார்கள். கேட்டால், "எல்லாரும் செய்றாங்க, குறைக்காட்டி ஒருத்தனும் வாங்கமாட்டான்" என்கிறார்கள். இரண்டாவது வாக்கியத்தில் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறோம். ஆனால் செயல் என்ன என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டிலேயே படிக்கிறார்கள். நனைந்தது குற்றமாகவில்லை, மழை யாருடைய தானியத்தையும் நனைக்கும். நனைந்ததை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே பரப்பியதுதான் பிரச்சினை. இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்தை 71,000 ஆக்குவது இதே வேலைதான், கருவி மட்டும் வேறு. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று நம் ஃபிக்ஹ் பேசுகிறது. ஜும்ஆ உரைகளில் இது பற்றி ஒரு தடவையாவது, வாகனத்தை உதாரணம் காட்டி, யாராவது பேசினால் நல்லது.

ஆனால் வாங்குபவர்களாகிய நாமும் இதில் கூட்டாளிகள்தான். இரண்டு இலட்சம் ஓடியதை உள்ளபடி சொன்ன மனிதரிடம் நாம் ஐந்து இலட்சம் குறைத்துக் கேட்கிறோம். பொய் சொன்னவருக்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறோம். அப்படியானால் சந்தைக்கு நாம் என்ன பாடம் சொல்லிக் கொடுக்கிறோம்?

எங்கள் வண்டியை வாங்கும்போது 1 இலட்சத்து 80 ஆயிரம் ஓடியிருந்தது. முந்தைய உரிமையாளர் சேர்விஸ் பற்றுச்சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பைலில் போட்டு வைத்திருந்தார். எப்போது எந்த ஒயில், எப்போது கூலன்ட், எப்போது டயர் என்று எல்லாம் அதில் இருந்தது. "இவ்வளவு ஓடினதையா வாங்குறீங்க?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. இன்று 2 இலட்சத்து 60 ஆயிரம். மாஷா அல்லாஹ், காலை ஆறு மணிக்கு ஒருநாளும் எங்களைக் கைவிட்டதில்லை. காருக்கு நாங்கள் கொடுத்த விலையில் ஒரு பகுதி அந்தப் பைலுக்குத்தான் என்று நாங்கள் சொல்வதுண்டு.

ஹைபிரிட் காரில் தூரத்தை விட முக்கியமான விடயங்கள் உண்டு. தலையானது பெரிய பெட்டரி. அக்வாவில் பின் சீட்டின் கீழ் 20 மொடியூல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ற்று, மொத்தம் 144. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28. இவை நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. இந்தப் பெட்டரியைக் கொல்வது ஓட்டம் மட்டுமல்ல, வயதும் வெப்பமும்தான். பத்து வருடம் வெயிலில் நின்ற "குறைந்த மைலேஜ்" வண்டியின் பெட்டரி, தினமும் ஓடிய வண்டியின் பெட்டரியை விட மோசமாக இருக்கலாம்.

பெட்டரியைக் குளிர்விக்க ஒரு சின்ன மின்விசிறி, காரின் உள்ளே இருக்கும் காற்றை பின் சீட்டுப் பக்கத் துவாரம் வழியாக இழுக்கிறது. அந்தத் துவாரத்தின் மேல் பாடசாலைப் பையையும் அரிசி மூட்டையையும் வைப்பது நம் வழக்கம். நம் கரையோரத்தில் மணலும் தூசும் வேறு. விசிறி அடைத்தால் மொடியூல்கள் சூடாகும், சூடானால் ஆயுள் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பெட்டரிக்கு நீங்கள் செய்யக்கூடிய வைத்தியங்களில் இதைவிட மலிவானது இல்லை.

வாங்கமுன் பெட்டரியைப் பார்ப்பதும் கடினமல்ல. ஒரு ஓபிடி ஸ்கேனரும் கைபேசியில் டொக்டர் பிரியஸ் போன்ற ஒரு செயலியும் இருந்தால், மொடியூல் சோடிகளின் வோல்ற்றளவு திரையில் தெரியும். வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சமமாகத்தான் காட்டும். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டுத் தனியே விழுந்தெழுந்தால் அங்கேதான் நோய். P0A80 என்ற பிழைக் குறியீடு பெட்டரி போய்விட்டது என்பதன் அடையாளம். விற்பவர் காலையில் அதை அழித்திருக்கலாம். ஆகவே ஊரைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள். ஒரு மணித்தியாலமாவது ஓட்டிப் பாருங்கள். "அவசரம் சேர், வேற ஆளும் பார்க்குது" என்றால் அந்த வேறு ஆளுக்கே போகட்டும்.

பெட்டரி பழுதானால் என்ன செய்வது? பல கராஜ்களில் பழுதான ஒன்றிரண்டு மொடியூலை மட்டும் மாற்றி, லைட்டை அணைத்துத் தருவார்கள். செலவு குறைவு. ஆனால் மீதி பதினெட்டும் அதே வயதுடையவை. சில மாதத்தில் அடுத்தது விழும். சொந்தப் பாவனைக்குக் காலம் தள்ள இது பரவாயில்லை, அதுவும் தெரிந்து செய்தால். இப்படி ஒட்டிய பெட்டரியை "புதுப் பெட்டரி போட்ட வண்டி" என்று விற்பதற்கு நாங்கள் மேலே சொன்ன ஈரத் தானியமே பதில். புதுப் பெட்டரி என்றால் பற்றுச்சீட்டும் உத்தரவாதப் பத்திரமும் இருக்க வேண்டும்.

அந்த 16,000 இங்கேதான் உதவும். மாதாமாதம் அதில் 5,000 ரூபாவை வேறாக வைத்தால் மூன்று வருடத்தில் 1 இலட்சத்து 80 ஆயிரம். பெட்டரிக்கு அது பெரிய பகுதி. நாங்கள் நான்கு பேரும் ஒரு சீட்டு மாதிரி இதைச் செய்தோம். பெட்டரி மாற்ற வேண்டிய நாள் வந்தபோது யாரிடமும் கைமாற்றுக் கேட்கவில்லை, வட்டிப் பக்கம் தலைவைக்கவும் இல்லை. எரிபொருள் மிச்சத்தை வருமானம் என்று நினைப்பதுதான் நம் பழக்கம். அதில் ஒரு பங்கு பெட்டரியின் கடன்.

மற்றவை சுருக்கமாக. இன்வேர்ட்டருக்கு எஞ்சினிலிருந்து வேறான கூலன்ட் தாங்கி உண்டு, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பாருங்கள். ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். சின்ன 12 வோல்ற்று பெட்டரி பலவீனமானால் திரையில் கண்டபடி எச்சரிக்கைகள் வரும். அதைக் கண்டு பெரிய பெட்டரியை மாற்றச் சொல்லும் கராஜும் உண்டு. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் வாங்குபவர்கள் ஈஜிஆர் பகுதி கரியால் அடைத்திருக்கிறதா, எஞ்சின் கூலன்ட் குறைகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஹெட் கஸ்கட் போன பிறகு பார்த்துப் பயனில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், எவ்வளவு மலிவென்றாலும் சீட்டின் கீழ் பெட்டரி இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு காட்டிக்கொடுக்கும்.

ஆசிரியர்களாக எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஓ/எல் முடித்த நம் பிள்ளைகள் கராஜுக்குப் போகிறார்கள். போவது நல்லது, கைத்தொழில் கௌரவமானது. ஆனால் ஹைபிரிட்டில் செம்மஞ்சள் வயர் எங்கே போகிறது, அதில் என்ன ஓடுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அக்வாவின் 144 வோல்ற்றை இன்வேர்ட்டர் 500க்கும் மேலே உயர்த்துகிறது. சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, கொள்ளளவிகள் இறங்கப் பத்து நிமிடம் பொறுத்து, மின்காப்புக் கையுறை அணிந்து தொட வேண்டிய இடத்தை, பதினேழு வயதுப் பிள்ளை வெறுங்கையோடு திறப்பதை எங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். கையில் மோதிரம் வேறு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் வாகனத் தொழில்நுட்பப் பாடநெறிகள் உண்டு, என்விகியூ சான்றிதழோடு. பெற்றோரே, பிள்ளையை கராஜில் சேர்க்கமுன் அல்லது சேர்த்த பிறகாவது அங்கே ஒரு விண்ணப்பம் போடுங்கள். கராஜ் உரிமையாளர்களே, ஒரு சோடிக் கையுறைக்குச் செலவழியுங்கள். ஒரு பிள்ளையின் உயிர் விடயம் இது.

ஊர் வாகன வியாபாரிகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. விற்கும் ஒவ்வொரு ஹைபிரிட்டுக்கும் ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஒப்பமிட்டுக் கொடுங்கள்: எங்களுக்குத் தெரிந்த உண்மையான தூரம் இது, அல்லது தெரியாது. பெட்டரி மாற்றியது, ஒட்டியது, அல்லது தொடவில்லை. விபத்து அல்லது வெள்ளம் பட்டது, படவில்லை. "தெரியாது" என்று எழுதுவதில் வெட்கமில்லை. இப்படி எழுதிக் கொடுக்கும் முதல் வியாபாரி யாரோ, அவர் பெயரை இந்தப் பக்கத்தில் நாங்களே போடுகிறோம், விளம்பரக் காசு வேண்டாம். வாங்குபவர்களும் அந்தத் தாளில் இரண்டு இலட்சம் என்று கண்டவுடன் எழுந்து போகாமல், பைலைக் கேளுங்கள், பெட்டரியைப் பாருங்கள், பிறகு விலை பேசுங்கள்.

எங்களிடம் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. வண்டி பார்க்கப் போகும் ஊரவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு இரவல் எடுக்கலாம், இன்பொக்ஸில் சொல்லுங்கள். திங்கள் காலை ஆறு மணிக்கு முன் திரும்ப வந்துவிட வேண்டும், நாங்கள் அந்த நேரத்துக்குப் புறப்பட்டுவிடுவோம்.