நல்கை கேட்கவும் அயன்மொழியா?

பாவு, ஊடை, அச்சு, விழுது – தேவிகாபுரத்துப் பட்டுத்தறியில் வழங்கும் இச்சொற்களெல்லாம் தமிழ். அத்தறியை ஆராய நடுவணரசின் நல்கை வேண்டுமெனில், கருத்துருவை எழுதுவதோ ஆங்கிலத்தில்!

2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியத்தை நீக்கி, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் 'அனுசந்தான்' நாட்டாய்வு அறக்கட்டளையை நிறுவினர். (ஆங்கிலப் பெயரின் தலையிலும் வடசொல்! 'ஆய்வு' என்றால் தில்லியின் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் போலும்.) ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி உருபா என்றனர். படிவம் புதிது, நெறிமுறை புதிது, மொழியடிமை மட்டும் பழையது. அப்பணத்தில் தமிழன் வரியும் உண்டன்றோ?

தமிழில் விடுக்கும் கருத்துருவை ஏற்று, தமிழறிந்த வல்லுநரைக்கொண்டு மதிப்பிடுக! நெசவாளியே படித்து, 'இவ்விடம் பிழை' எனச் சுட்டத்தக்க கருத்துருவன்றோ நெசவாய்வுக்கு உரியது? தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதனைத் தில்லிக்கு எழுதிக் கேட்கட்டும்; அம்மடலையேனும் தமிழில் எழுதட்டும்!