தயிர்ச்சட்டிக்கு லேபிள் இல்லை

"ஆரோக்கியமான யோகட்டைத் தெரிவு செய்வது எப்படி?" எண்டு ஆரம்பிக்கிற ரீல்ஸ்களுக்கு இப்ப குறைவில்லை. ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட், ஒரு குளிர்ப்பெட்டி, அதுக்கு முன்னால சிரிச்ச முகத்தோட ஒருவர். கிரேக்க யோகட் நல்லதாம், புரோபயோட்டிக் எண்டு எழுதியிருந்தால் இன்னும் நல்லதாம், கொழுப்பு குறைஞ்சது அதைவிட நல்லதாம். மட்டக்களப்பில இருந்துகொண்டு எங்கட ஆக்களே இதைப் பகிர்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு எரிச்சல். எருமைப் பட்டி இருக்கிற ஊரில, வீதியோரத்தில தயிர்ச்சட்டி அடுக்கி விக்கிற ஊரில, நல்ல தயிரைத் தேடி ஏன் மச்சான் கொழும்புக் குளிர்ப்பெட்டிக்குள்ள தலையை விடுறாய்?

நாங்கள் சொல்ல வருவது இதுதான். மட்டக்களப்பைப் பொறுத்தவரை நல்ல தயிர் எது என்ற கேள்வியைக் கடை அலுமாரிக்கு முன்னால் முடித்துக்கொள்ள முடியாது. கப்பைத் திருப்பி லேபிளை வாசிக்கத்தான் வேணும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், தெரிவு செய்வதற்கு எங்கட தயிர் எண்டு ஒண்டு மிஞ்சுமா என்பதே சந்தேகம்.

முதலில் அந்தக் கப்பையே பார்ப்பம். கம்பஸ் கன்டீனிலும் பஸ் நிலையக் கடைகளிலும் விற்கிற யோகட் கப் பெரும்பாலும் 80 கிராம். அதன் மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சின்ன வட்டங்கள் இருக்கும். பானங்களுக்கு 2016இல் வந்த வண்ணக் குறியீட்டை, திண்ம, அரைத்திண்ம உணவுகளுக்கும் கட்டாயமாக்கிய விதிமுறை 2019இல் வந்தது. 100 கிராமில் சீனி 8 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, 8 முதல் 22 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. நல்ல விதிமுறைதான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கோ. 100 கிராமுக்கு 21 கிராம் சீனி உள்ள ஒரு யோகட்டும் மஞ்சள் வட்டத்தோடு கடைக்கு வரலாம். 80 கிராம் கப்பில் அது கிட்டத்தட்ட 17 கிராம். பாலிலேயே இயற்கையாக இருக்கிற லக்டோஸுக்கு ஒரு 4 கிராமைக் கழித்தாலும், மேலதிகமாகப் போட்டது 13 கிராம். மூன்று தேக்கரண்டிச் சீனி! ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் சேர்த்த சீனியை அடக்கினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதியை ஒரு சின்னக் கப் முடித்துவிடும், அதுவும் "மஞ்சள்தானே" என்ற நிம்மதியோடு.

எல்லாக் கப்பும் இப்படித்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. வித்தியாசம் இருக்கிறது என்பதால்தான் திருப்பிப் பார் என்கிறோம். முன்பக்கத்தில் ஸ்ட்ரோபெரிப் படம் இருக்கும், பின்பக்கத்தில் நிறமூட்டியும் சுவையூட்டியும் மட்டும் இருக்கும். ஜெலட்டின் எண்டொரு சொல்லும் அநேகமாக இருக்கும். அது ஆபத்தான பொருள் இல்லை. ஆனால் கப்பைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கிற அந்த இறுக்கம் பாலின் தரத்தால் வந்ததில்லை என்பது தெரிய வேணுமே. எருமைத் தயிர் ஜெலட்டின் இல்லாமலே கரண்டியால் வெட்ட வெட்டத் துண்டு துண்டாக வரும்.

"புரோபயோட்டிக்" என்ற சொல்லுக்கு எங்கட ஆக்கள் குடுக்கிற மரியாதையைப் பார்த்தால் கோயில் விபூதிதான் ஞாபகம் வருது. பாலில் லக்டோபசிலஸ் பல்காரிக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் என்ற இரண்டு பக்டீரியாக்களை விட்டால் யோகட் உறையும். உயிருள்ள இந்தக் கிருமிகள் லக்டோஸ் சமிபாட்டுக்கு உதவும் என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2010இல் ஏற்றுக்கொண்டது. பால் குடித்தால் வயிறு ஊதுகிற பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அதேவேளை, நிறுவனங்கள் கொண்டுபோன மற்றப் புரோபயோட்டிக் கூற்றுக்களில் அனேகமானவற்றை அதே சபை ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பியது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் இன்னொரு கூத்து. யோகட் சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்புக் குறையலாம் என்று பொதியில் எழுத அந்த நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. ஆதாரம் மட்டுப்படுத்தப்பட்டதுதான் என்று அதே வசனத்தில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. கேட்டு மனுப் போட்டது டனோன் என்ற யோகட் நிறுவனம். சீனி கொட்டிய யோகட்டுக்கும் இந்த வாசகம் பொருந்தும் என்பதுதான் இதில் பெரிய பகிடி.

சரி, அப்ப சட்டித் தயிர் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? ஏலாது. "எங்கட மண், எங்கட சட்டி" எண்டு கண்ணீர் விடுகிற எழுத்துக்களும் எங்களுக்குப் பிடிக்காது. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதத்துக்கும் மேல் வரும், பசுப்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. லேபிள் ஒட்டினால் கொழுப்புக்கு எங்கட சட்டியும் மஞ்சள் வட்டம்தான் வாங்கும். சட்டியில் எந்தத் திகதியும் இல்லை, யாருடைய பெயரும் இல்லை. பால்மா கலக்கிறவர்கள் இருக்கிறார்கள், மாவு கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பார்த்து வாங்கவேணும். எருமைத் தயிர் நல்ல வெள்ளையாக இருக்கும், பசுப்பாலில் இருக்கிற அந்த லேசான மஞ்சள் அதில் இராது. மேலே ஆடை படிந்திருக்க வேணும். ஓரத்தில் கொஞ்சம் தெளிந்த தண்ணி நின்றால் பயப்படத் தேவையில்லை, அது தயிர் விடுகிற நீர்தான். ஆனால் உள்ளே குமிழ் குமிழாகக் காற்று அடைத்திருந்தாலோ, கரண்டியில் எடுக்க நூல் நூலாக இழுபட்டாலோ திருப்பிக் குடுத்திடுங்கோ, சுத்தமில்லாத கிருமி புகுந்திருக்கிறது. மாவு கலந்ததா என்று பார்க்கத் துளி அயடீன் போதும், நீலமாகும். ஓஎல் விஞ்ஞானம் படிச்ச பிள்ளைக்கு இது தெரியாதா கா? பாலை நன்றாகக் காய்ச்சித்தான் உறைய வைத்தீர்களா என்று விற்கிறவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முறையாகச் செய்கிறவர் கோபப்பட மாட்டார், எத்தனை மணிக்குக் காய்ச்சினது எண்டு கதையே சொல்லுவார்.

மண்சட்டி என்பதும் வெறும் அழகுக்கில்லை. சட்டியின் நுண்துளைகள் தண்ணியை உறிஞ்சி வெளியே ஆவியாக விடும். அதனால் தயிர் இறுகும், குளிர்ந்தும் இருக்கும். ரீல்ஸ்காரர் விலை குடுத்து வாங்கச் சொல்கிற கிரேக்க யோகட் என்ன? நீர் வடித்த தயிர். சட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு இரவு தொங்கவிட்டால் வீட்டிலேயே அது கிடைக்கும், வடிஞ்ச நீரில மோரும் கரைக்கலாம்.

சாப்பிடுகிற விதத்தையும் சொல்லிவிடுவம், இல்லாட்டி இது வெறும் சண்டைக் கட்டுரையாப் போயிடும். பகல் சோற்றின் கடைசிப் பிடிக்குத் தயிர், உப்பு, ஒரு பச்சை மிளகாய், நறுக்கிய சின்ன வெங்காயம். காலையில் பழஞ்சோற்றோடு. பின்னேரம் பசித்தால் ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டால் சீனியே தேவைப்படாது. கித்துள் பாணி ஊற்றாமல் தயிரா எண்டு கேப்பீர்கள். ஊற்றுங்கோ, ஆனால் பாணியும் சீனிதான், கடையில் கித்துள் என்ற பெயரில் வாற போத்தல்கள் எல்லாம் கித்துளும் இல்லை. ஒரு கரண்டியோடு நிப்பாட்டினால் தயிரின் புளிப்பு நாக்குக்குத் தெரியும். இரவில் தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் எண்டு எங்கட அம்மம்மாமார் தடுப்பார்கள். பாலுணவு சளியைக் கூட்டுகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் அம்மம்மாவோட ஆர் வாதாடுறது.

இவ்வளவும் தெரிவு, சுவை பற்றிய கதை. மறுகா ஏன் கோபம் எண்டால், இதெல்லாம் எருமை மேய ஒரு தரை இருக்கும்வரைக்கும்தான்.

பட்டி எப்படி வாழுது எண்டு தெரியாத தலைமுறை நாங்கள், வந்தாறுமூலையில் படிச்சும் தெரியாது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்லுவம். அறுவடை முடிந்தபின் மாடும் எருமையும் வயல்வெளியில் மேயும். பெரும்போகம் தொடங்கும்போது, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் ஒரு திகதி குறிப்பார்கள். அந்தத் திகதிக்குள் கால்நடைகளை வயலிலிருந்து அகற்றிவிட வேண்டும். வயல்காரர் பக்கம் நியாயம்தான், விதைத்த நெல்லைக் காக்க வேணும். அகற்றி எங்கே கொண்டுபோவது? மேற்கே, பொலன்னறுவை, அம்பாறை எல்லைகளை அண்டிய பெரிய மேய்ச்சல் தரைகளுக்கு. அவற்றில் முக்கியமானது மயிலத்தமடு, மாதவனை. பெரும்போக மாதங்களில் மாவட்டத்துப் பட்டிகளுக்கு அதுதான் தாய்வீடு.

அந்தத் தரை மகாவலி அதிகார சபையின் ஆளுகைப் பகுதிக்குள் வருகிறது. அங்கே வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் காணியை உழுது சோளமும் மற்றப் பயிர்களும் செய்யத் தொடங்கிய பிறகு பண்ணையாளர்களுக்குப் போக இடமில்லை. பயிருக்குள் இறங்கின மாடு வெட்டுப்பட்டும், வெடிபட்டும், சுடப்பட்டும் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023 செப்டெம்பரில், சரியாகப் பெரும்போகம் நெருங்குகிற மாதத்தில், பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். எங்கட கம்பஸ் வாசலிலிருந்து அது கொஞ்சத் தூரம்தான். நவம்பரில் அவர்களுக்கு ஆதரவாகப் போன கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் 6 பேரைப் பொலிஸார் கைது செய்தார்கள். ஒரு வருசத்தைத் தாண்டியும் அந்தப் போராட்டம் நீடித்தது. அந்த வீதியால போன பஸ்ஸுகளில் எத்தனை பேர் யன்னலைத் திறந்து பார்த்தோம்?

இதைத் தமிழர் சிங்களவர் காணிச் சண்டை என்று மட்டும் வாசிப்பவர்களும் உண்டு. இனம் இதில் இல்லையென்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். எந்த மாவட்டத்து ஆள் எந்த மாவட்டத்தில் யாருடைய கண்சாடையோடு காணி பிடிக்கிறார் என்பது இந்த நாட்டில் ஒருபோதும் சும்மா நடப்பதில்லை. ஆனால் தமிழ்த் தேசியம் பேசுகிற எங்கட அரசியல்வாதிகளும் இதைப் பால் பிரச்சினையாக, சாப்பாட்டுப் பிரச்சினையாகப் பேசிக் கேட்டதில்லை. கொட்டிலுக்கு வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். மேய்ச்சல் தரையை எல்லை போட்டு வர்த்தமானியில் அறிவிக்கும்வரை மூச்சுவிடாமல் நின்றவர் யார்?

பட்டிக்காரர் மாட்டை வித்துப்போட்டு வெளிநாடு போனால் என்ன நடக்கும் எண்டு யோசிக்கப் பெரிய பொருளியல் தேவையில்லை. இந்த நாட்டின் பால் தேவையில் பெரும் பங்கு ஏற்கெனவே இறக்குமதிப் பால்மாவில்தான் ஓடுது, அதுவும் முக்கியமாக நியூசிலாந்திலிருந்து. டொலர் இல்லாத 2021, 2022இல் ஒரு பால்மாப் பைக்கட்டுக்காக எங்கட அம்மாமார் வரிசையில் நின்றதை மறந்துபோச்சா? அந்த நேரமும் பட்டியில எருமை பால் கறந்தது, அதுக்குக் கப்பல் வரத் தேவைப்படவில்லை. பிறகும் நாங்கள் பால்மாவுக்கே திரும்பிப் போனோம், பட்டிக்காரனை வீதியில இருக்க விட்டம்.

"மட்டக்களப்புத் தயிர்" எண்டு ஸ்டேடஸ் போடுறதில எங்கட ஆக்களை அடிக்க ஏலாது. கொழும்பிலிருந்து, கனடாவிலிருந்து சொந்தக்காரர் வந்தால் முதல் கேள்வியே தயிர்தான். போகேக்க சட்டியைக் கட்டிக் குடுத்து விடுறம். மீன்பாடும் தேன்நாடு, தயிர்நாடு எல்லாம் சரி. அந்தப் பெருமைக்குப் பால் தருகிற எருமை எந்தப் பற்றைக்குள் காயத்தோடு நிற்கிறது என்று கேட்க அந்த ஸ்டேடஸில் ஒரு வரி இடமில்லையா?

ஆரோக்கிய உணவு பற்றி எழுதுகிற நண்பர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ரீல்ஸைக் குளிர்ப்பெட்டிக்கு முன்னால் எடுக்காதீர்கள். செங்கலடிக்கோ கிரானுக்கோ போங்கோ, விடியக் காலை பால் காய்ச்சுகிற ஒரு அக்காவிடம் கேட்டு எடுங்கோ. எந்த உறையை விடுகிறீர்கள், எத்தனை மணித்தியாலம் வைப்பீர்கள், இந்த வருசம் எத்தனை மாடு குறைஞ்சது எண்டு. அதை ஆயிரம் பேர் பார்த்தால் போதும்.

கன்டீன் குத்தகைக்காரரிடம் நாங்கள் கேட்கப்போவது சின்ன விசயம். வாரத்தில் இரண்டு நாளாவது பகல் சாப்பாட்டோடு சீனி போடாத சட்டித் தயிர் ஒரு கரண்டி, உள்ளூர்ப் பண்ணையாளர் சங்கம் ஒன்றிடம் நேரே வாங்கினது. கையெழுத்துச் சேர்க்கிற தாள் கலைப்பீட வாசலில் இருக்கும். மயிலத்தமடு, மாதவனையை மேய்ச்சல் தரையாக அறிவிக்கக் கேட்கிற இன்னொரு தாளும் அதே மேசையில்தான் இருக்கும். இரண்டிலும் கையெழுத்து வையுங்கோ, ஒண்டில மட்டும் வச்சிற்று ஓடாமல்.