கந்தோர்ச் சுற்றுலாவும் ஒரு கோப்பைத் தேநீரும்

நமது நாட்டில் கந்தோர்ச் சுற்றுலாவுக்கென்று மாறாத ஓர் இலக்கணம் உண்டு. ஒரு மாதத்துக்கு முன்பே பணம் சேர்ப்பார்கள். அதிகாலை நான்கு மணிக்கு வான் புறப்படும். பாட்டுப்பெட்டி அலறும். நுவரெலியாவிலோ கண்டியிலோ இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பொட்டலத்தில் கட்டிய புரியாணி ஆறிப்போய்க் கிடைக்கும். நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பி, மறுநாள் கண் எரியக் கந்தோருக்கு வருவார்கள். ஒரே மேசையில் இருப்பவர்கள் வானிலும் ஒரே இருக்கையில் இருந்துவிட்டு வருவதால், போகும்போது எவரோடு பேசாதிருந்தார்களோ அவரோடு திரும்பும்போதும் பேசமாட்டார்கள்.

இங்கிலாந்தில் வேறொரு வழக்கம் உண்டு. ஓர் அலுவலகத்தார் ஒருநாள் சைக்கிள்களில் புறப்பட்டு, கிராமத்து மதுச்சாலைகள் நாலைந்தில் தங்கித் தங்கி மாலைவரை சுற்றி வருவார்கள். தூரம் அதிகமில்லை, அவசரமும் இல்லை. இதில் மதுவை நீக்கிவிட்டு மீதியை நமது கல்முனைக் கரையோரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மதுச்சாலை இருக்கும் இடத்தில் நமக்குத் தேநீர்க் கடை இருக்கிறது.

சைக்கிளுக்கும் வழிவிடுதிக்கும் உள்ள உறவு அங்கே பழையது. 1878 இல் ஹரோகேற் நகரில் தொடங்கிய சைக்கிள் சுற்றுலாக் கழகம், தன் உறுப்பினரை நன்றாக நடத்தும் விடுதிகளின் சுவரில் சிறகு முளைத்த சக்கரம் ஒன்றைச் சின்னமாகப் பதித்து வைத்தது. அந்தச் சின்னத்தைக் கண்டால் சைக்கிளோட்டி தயங்காமல் உள்ளே போகலாம். ஆனால் எல்லோருக்கும் அந்தக் கதவு ஒரேமாதிரித் திறக்கவில்லை. 1898 இல் சரே மாவட்டத்தின் ஒக்கம் கிராமத்தில் ஹார்பேட்டன் சீமாட்டி சைக்கிளில் வந்து உணவு கேட்டார். பாவாடைக்குப் பதிலாகத் தொளதொளத்த காற்சட்டை அணிந்திருந்தார் என்பதற்காக விடுதிக்காரி அவரைக் கோப்பி அறைக்குள் விடாமல், ஆண்கள் குடித்துக்கொண்டிருந்த பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார். கழகம் அடுத்த ஆண்டு வழக்குத் தொடுத்துத் தோற்றது. வேறோர் அறை கொடுக்கப்பட்டதுதானே என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஒரு கடைக்குள் யார் எந்த இருக்கையில் உட்காரலாம் என்பது சின்ன விடயமன்று என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவது இங்கிலாந்தில் இன்றும் குற்றம். 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதற்குத் தனிப்பிரிவே வைத்திருக்கிறது. என் கவலை சட்டம் பற்றியதன்று. நான் பணியாற்றிய ஒரு பத்திரிகைக் காரியாலயத்தின் சுற்றுலாக்களில் வானின் பின்வரிசையில் போத்தல் திறக்கப்படும். முன்வரிசையில் பெண்களும், முஸ்லிம் நண்பர்களும், வயிற்றுப்புண்காரர்களும் மௌனமாக இருப்பார்கள். பின்வரிசையில் பிறந்த நட்புகள்தான் பின்னர் பக்கங்களைப் பங்கிட்டன, பதவி உயர்வுகளையும் தீர்மானித்தன. விருந்தில் ஒதுக்கப்படுகிறவர் வேலையிலும் ஒதுக்கப்படுவார். உலகின் எந்த அலுவலகத்திலும் இது ஒன்றேதான். பிளேன்டீக்கு அந்தக் குறை இல்லை. அதை மறுக்க மதமும் இல்லை, மருத்துவரும் அநேகமாக இல்லை.

இனி வழியைப் பாருங்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ-4 நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. ஒரு மேடு கிடையாது. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனை முஸ்லிம் ஊர். அடுத்து, திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உள்ள பாண்டிருப்பு தமிழ் ஊர். கல்முனை நகரம் எல்லாருக்கும் சொந்தம்; எல்லாரும் உரிமை கோருவதும் அதனால்தான். கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள். பிறகு விபுலானந்த அடிகள் 1892 இல் பிறந்த காரைதீவு. அதைத் தாண்டினால் நிந்தவூர், களியோடைப் பாலம், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை. இந்த வரிசையை வாய்விட்டுச் சொன்னாலே ஒரு மாலை கட்டுவது போல இருக்கும். ஒரு பூ ஒரு நிறம், அடுத்த பூ வேறு நிறம். நூல் மட்டும் ஒன்று: பேசும் மொழி.

வானில் போகிறவனுக்கு இந்த மாலை தெரியாது. அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். சைக்கிளில் போகிறவனுக்கு ஒவ்வோர் ஊரின் மணமும் தனித்தனியே வரும். ஒலுவிலில் இறங்கி, 2013 இல் திறந்த துறைமுகத்துக்கு வடக்கே நின்று, நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டு வருவதைப் பார்க்கலாம். தென்னை வேரோடு சாய்ந்து கிடக்கும் கரையைக் கண்ணால் கண்ட ஓர் எழுதுவினைஞர், மறுநாள் தன் மேசைக்கு வரும் மீனவரின் மனுவை வேறு விதமாக வாசிப்பார்.

ஆனால் இந்த யோசனையில் எனக்குள்ள அக்கறை வேடிக்கை பார்ப்பதிலன்று, கடைக்குள் நுழைவதிலே உள்ளது. 1985 ஏப்ரலில் காரைதீவில் நடந்தவையும் 1990 இல் கிழக்கெங்கும் நடந்தவையும் பக்கத்து ஊரினூடே போகவே மனிதரை அஞ்சவைத்தன. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நாட்டிலேயே அதிக இழப்பு இங்கேதான். அந்த அலை மருதமுனை, பாண்டிருப்பு என்று பிரித்துப் பார்க்கவில்லை. சில வாரங்கள் நாமும் பிரித்துப் பார்க்கவில்லை. அதன்பின் நிவாரணப் பட்டியல்கள் வந்தன. பிரிவுகளும் திரும்பி வந்தன.

2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்தது தேநீர்க் கடைகளைப் பற்றி எழுதும் எவரும் மறக்கக்கூடாதது. ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒருவர் கூச்சலிட, கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்துச் சொன்னது, அது மாவுக் கட்டி என்று. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை. ஆயினும் அடுத்த ஆண்டு, ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளும் 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருது வீட்டில் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்ட வெடிப்பும் நிகழ்ந்த பிறகு, முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற குரல் நாட்டின் பல பகுதிகளில் எழுந்தது. அதே ஆண்டு யூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காக ஒரு பக்கம் உண்ணாவிரதம், மறுபக்கம் எதிர்ப்பு. அந்த நாட்களில் ஒரே கந்தோரில் கடமையாற்றிய தமிழரும் முஸ்லிமும் கோப்புகளை மட்டும் பரிமாறிக்கொண்டார்கள், பேச்சைப் பரிமாறவில்லை. அடுத்தவர் ஊற்றிய தேநீரைச் சந்தேகமின்றி வாங்கிக் குடிப்பதைவிடப் பெரிய அரசியல் நமது கரையோரத்தில் எனக்குத் தெரியவில்லை.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். வெயில் என்பார்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். பெரிய வீதியில் பஸ்களின் ஓட்டம் பயங்கரமானது என்பது உண்மை. கடற்கரை வீதிகள் இருக்கும் இடங்களில் அவற்றால் போகவேண்டும். நோன்பு மாதத்தையும் வெள்ளிக்கிழமையையும் தவிர்க்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சைக்கிள் ஏழையின் வாகனம், பணிப்பாளர் எப்படி ஏறுவார் என்பது இன்னொன்று. 2022 இல் பெற்றோல் இல்லாமற் போனபோது பணிப்பாளர்களும் ஏறினார்கள். எவருடைய கௌரவமும் கீழே விழுந்து உடையவில்லை. சுனாமிக்குப் பின் வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு இலங்கையில் 24 ஆயிரத்துக்கும் அதிகமான சைக்கிள்களை வழங்கியது. அந்த அமைப்பு 2005 இல் உருவானதே நமது அழிவைக் கண்டுதான்.

கனமான மறுப்பு ஒன்றே: பெண்கள். எங்கள் ஊரில் பெண்கள் சைக்கிளில் கூட்டமாகப் போவார்களா, தேநீர்க் கடையில் உட்காருவார்களா என்று கேட்கிறார்கள். தமிழ் ஊர்களில் சைக்கிளில் பாடசாலை போன பெண்கள்தாம் இன்று ஆசிரியைகளாக இருக்கிறார்கள். முஸ்லிம் ஊர்களில் தயக்கம் கூடுதல். 1990களின் தொடக்கத்தில் தமிழகத்தின் புதுக்கோட்டையில், சீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது. அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். தொடக்கத்தில் அவர்கள் கேட்ட ஏச்சுப் பேச்சு கொஞ்சமன்று. எனினும் நான் இதில் கட்டாயத்தை ஆதரிக்கவில்லை. ஓட்ட விரும்பாத பெண்கள் முச்சக்கர வண்டியில் வரட்டும். ஆனால் கடைக்குள் அவர்களுக்கு நடு மேசை இருக்கவேண்டும். திரைபோட்ட ‘ஃபமிலி றூம்’ கொடுப்பது ஒக்கம் விடுதிக்காரியின் தீர்ப்பைத்தான் மறுபடி எழுதும்.

ஆகவே ஏதாவதொரு கந்தோர், ஒரு வங்கிக் கிளையோ வலயக் கல்வி அலுவலகமோ, இந்த வருடம் முயன்று பார்க்கட்டும். முதல் தேநீர் மருதமுனையில், இரண்டாவது பாண்டிருப்பில், மூன்றாவது சாய்ந்தமருதில், நான்காவது காரைதீவில். கடையைத் தெரிவு செய்வது அந்த ஊர்க்காரர் அல்லாத ஒருவராக இருக்கட்டும். முன்னால் ஓட்டுவது கந்தோரின் ஆகக் கடைசி ஊழியராக இருக்கட்டும், ஏனென்றால் தினமும் சைக்கிளில் வருபவர் அவர்தான். எந்த ஒழுங்கையில் நாய் துரத்தும் என்பது அவருக்குத்தான் தெரியும். பணிப்பாளர் கடைசியாக வரட்டும். காசு அவர் கொடுக்கட்டும்.