தோலுக்கு க்ரீம், பக்கத்தில் அடுப்பு

மார்கழி, தை வந்தாலே வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் தோல் வறண்டு காலெல்லாம் வெள்ளைக் கோடு விழும், குதிகால் வெடிக்கும். மலைக்குளிரும் வறண்ட காத்தும் சேர்ந்தால் அப்படித்தான். ஈரப்பதம் காக்கும் க்ரீம் இதுக்கு நல்ல மருந்து. குளிச்சதும் துண்டால ஒத்தி எடுத்துட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே தாராளமா பூசுங்க. தினமும் உடம்பு முழுக்கப் பூசறவருக்கு ஒரு சின்ன டியூப் மூணு மாசம் வருதுன்னா, அவர் பூசலைன்னு அர்த்தம்.

க்ரீம் பூசிட்டு விறகடுப்புகிட்ட உட்கார்றதுதான் எனக்குக் கவலை.

டப்பாவுல இருக்கிற க்ரீம் மண்ணெண்ணெய் மாதிரி குப்புனு பத்திக்காது. ஆனா அது துணியில ஊறிக் காய்ஞ்சா, அந்தத் துணி விளக்குத்திரி மாதிரி ஆயிடும். சட்டுனு பத்தும், வேகமாவும் எரியும். போர்வை, தலையணை உறை, கை துடைக்கிற முந்தானை எல்லாம் இதுல சேர்த்தி. துவைச்சாலும் முழுசா போகும்னு நம்ப முடியாது.

பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் இதை எச்சரிக்கையா வெளியிட்டது. அதுக்கு முன்னாடி பாரஃபின் அதிகமுள்ள களிம்புதான் ஆபத்துன்னு நினைச்சாங்க. பாரஃபின் குறைவா இருந்தாலும், இல்லவே இல்லைன்னாலும் இதே ஆபத்து உண்டுன்னு அப்பதான் சொன்னாங்க. அங்க முக்கியக் கவலை சிகரெட். இங்க? குளிர் காயற நெருப்பு, விறகடுப்பு, பீடி, சாமி விளக்கு. நம்ம ஊருக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகமா பொருந்தும்.

அதனால சீட்டுல க்ரீம் எழுதுற டாக்டர், எடுத்துக் கொடுக்குற மருந்தாளுநர், மலைக்கு வர்ற செவிலியர் எல்லாரும் "பூசிட்டு நெருப்புகிட்ட போகாதீங்க"ன்னு சேர்த்துச் சொல்லணும். அரை நிமிஷம் ஆகாது. முக்கியமா பீடி பிடிக்கிற, எழுந்து நடமாட முடியாத தாத்தா, பாட்டி இருக்கிற வீட்டுல. (அவங்க பாதத்துல பூசினா உடனே நடக்க விடாதீங்க, தரை வழுக்கும்.)

வீட்டுல செய்யக்கூடியது சுலபம். சமையலை முடிச்சிட்டுப் பூசுங்க. க்ரீம் படியற போர்வையை அடிக்கடி துவைங்க, அதைச் சுத்திக்கிட்டு குளிர் காயாதீங்க. தேங்காய் எண்ணெய்னா பரவாயில்லையான்னு கேப்பீங்க. எண்ணெய் ஊறின துணியும் எரியும்தான்.

இன்னொண்ணு. "வறட்சிக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு கடையில கேட்டு வாங்குறது ஸ்டீராய்டா இருக்கலாம். பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு போட்டிருந்தா அது வறட்சிக்கான க்ரீம் இல்ல. மாசக்கணக்குல பூசினா தோல் மெலிஞ்சிடும். 2018லயே ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு மத்திய அரசு ஆணை போட்டாச்சு. சீட்டு இல்லாம நீட்டினா வாங்காதீங்க.